எங்கிருந்து கைப்பற்றப்பட்டது

கையில் இருந்ததா, தரையில் கிடந்ததா. பத்து மணிக்கு மணியடித்து வினாத்தாள்களைக் கொடுத்து முடித்ததிலிருந்து என்னை நானே இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் எண் அறை. முப்பத்தாறு பெண்கள், முதலாண்டுக் கணிதமும் இரண்டாமாண்டு வணிகவியலும் வரிசை விட்டு வரிசை. ஒரு மணி வரை நான் இங்கே உட்காரக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, கைபேசியைக் கீழே அலுவலகத்தில் ஒப்படைத்தாயிற்று. நடக்கலாம், நிற்கலாம், பார்க்கலாம். நினைக்கக் கூடாது என்று மட்டும் தேர்வு விதிகளில் எங்கும் இல்லை. அதை எழுதாமல் விட்டது கருணையா, கவனக்குறைவா தெரியவில்லை. இரண்டு மணிக்கு முதல்வர் அறையை ஒட்டிய கூடத்தில் விசாரணைக் குழு கூடுகிறது. பூவிழி வருவாள். மூன்றாமாண்டுத் தமிழ், என் மாணவி. ஒன்பது நாட்களுக்கு முன் நடந்த தேர்வில் அவள் கையிலிருந்து துண்டுச் சீட்டு ஒன்றைக் கைப்பற்றியதாக நான் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கையைப் படிப்பார்கள். சரிதானே மேடம் என்று கேட்பார்கள். சரி என்று நான் சொன்னால் அவளுடைய இந்தப் பருவத் தேர்வு முழுவதும் ரத்தாகும், அதன்மேல் இரண்டாண்டுத் தடை. சீட்டு கையில் இல்லை, அருகில் கிடந்தது என்று ஆனால் அந்த ஒரு தாள் மட்டும் போகும், நவம்பரில் எழுதிக்கொள்ளலாம். எங்கள் கல்லூரி விதி இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டின் இந்தப் பக்கம் பி.எட். படிப்பு, அந்தப் பக்கம் துவரங்குறிச்சியில் ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை. "ரெண்டு வருசமெல்லாம் வீட்ல வச்சிருக்க மாட்டாங்கம்மா, ஆவணியிலேயே முடிச்சிருவாங்க" என்று அவள் வகுப்புப் பெண்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். அவள் வரவில்லை. அவள் எதையும் தானாக வந்து சொல்கிறவள் இல்லை, சொல்வதை எழுதிக்கொள்கிறவள்.

காலையில் கைபேசியை உறையிலிட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது வணிகவியல் ஃப்ளோரா என் தோளை இடித்தாள். "என்ன செண்பகவல்லி மேடம், ரெண்டு மணிக்கு உங்க கூத்தாமே?" கூத்து என்று சொல்லாதீர்கள் ஃப்ளோரா என்றேன். "சரி, உபன்யாசம். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவங்க ஆமாவா இல்லையான்னு கேப்பாங்க. ஆமான்னுட்டு எந்திரிச்சு வந்துருங்க. நீங்க ஆதியிலேருந்து ஆரம்பிச்சீங்கன்னா அந்தப் பொண்ணு ரெண்டு வருசத்தையும் அந்த நாற்காலியிலேயே கழிச்சிரும்." அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்க வந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அன்றைக்குச் சீட்டு கிடைத்த பதினான்காம் எண் அறையின் மேற்பார்வை ஃப்ளோராவுடையது. தன் துறைப் பிள்ளைகள் எழுதும் அறையில் ஆசிரியர் நிற்கக் கூடாது என்பது வழக்கம். அவளுக்குப் பேருந்து தாமதமானதால், பத்து நிமிடம்தானே என்று என்னை அனுப்பினார்கள். பத்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாயிற்று. ஃப்ளோரா நேரத்துக்கு வந்திருந்தால் சீட்டு அவள் கண்ணில் பட்டிருக்கும், அல்லது படாமலே போயிருக்கும். அவள் சன்னல் பக்கம் நின்று வெளியே பார்க்கிறவள். இந்த அறையிலும் சன்னல் இருக்கிறது. வெளியே வாகை மரத்தில் காய்ந்த நெற்றுகள் காற்றுக்குக் கலகலக்கின்றன. மூன்றாவது வரிசைப் பெண் பேனாவைக் கடித்தபடி என்னையே பார்க்கிறாள். நான் பார்த்தவுடன் குனிந்துகொள்கிறாள். இதுவும் ஒரு காட்சிதான். இதைப் பற்றி இப்போதே என்னை எழுதச் சொன்னால், "என்னைக் கண்டதும் பதற்றத்துடன் தலைகுனிந்துகொண்டார்" என்று எழுதுவேன். பதற்றத்துடன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணிடமிருந்து வரவில்லை. வாக்கியம் அதைக் கேட்டது, நான் கொடுத்தேன்.

சரி, ஒழுங்காக, முதலிலிருந்து. மணி பதினொன்று பத்து. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "அம்மா, அடிஷனல்." மற்ற துறைப் பிள்ளைகள் மேம் என்பார்கள், தமிழ்த்துறைப் பிள்ளைகள் மட்டும் அம்மா என்பார்கள், ஆகவே கூப்பிட்டவள் நம் பிள்ளை என்று திரும்பாமலே தெரிந்தது. கூடுதல் விடைத்தாளைக் கொடுத்தேன், கட்டுவதற்கு வெள்ளை நூல் அறுத்துக் கொடுத்தேன். நூல்கண்டு என் இடக்கையில் இருந்தது. இதுவரை எல்லாம் தெளிவு. நூலின் முனை என் மோதிரத்தில் சிக்கி நான் அதை விடுவித்தது வரை தெளிவு. திரும்பினேன். எனக்கு ஓரடி முன்னால், பூவிழியின் இடத்தில், தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்று. இந்த இடத்தில் பாதை பிரிகிறது. ஒன்றில் அந்த வெள்ளை சிமெண்டுத் தரையில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் குனிகிறேன், முழங்கால் வலிக்கிறது. இன்னொன்றில் அது மேசைக்குக் கீழே அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. நான் கையை நீட்டுகிறேன், அவள் கொடுத்துவிடுகிறாள். ஒன்று மங்கலாகவும் ஒன்று துலக்கமாகவும் இருந்தால் கவலையில்லை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. இல்லை, அதுவும் சரியில்லை. கை இருக்கும் காட்சிதான் துலக்கமாக இருக்கிறது, அதனால்தான் எனக்குப் பயம். அந்த அறையின் கேமரா பிப்ரவரியிலிருந்து வேலை செய்யவில்லை. ஆகவே அந்த ஓரடித் தூரத்தில் நடந்தது உலகத்தில் வேறெங்கும் இல்லை. என்னிடம் இருக்கிறது, இல்லையென்றால் அவளிடம்.

அறிக்கைப் படிவத்தை நினைத்துக்கொள்கிறேன். மஞ்சள் தாள், ஒன்பது கலங்கள். ஆறாவது கலம்: எங்கிருந்து கைப்பற்றப்பட்டது. அதற்கெதிரே நான்கு சிறு கட்டங்கள்: கை, உடை, மேசை, பிற. தரை இல்லை. படிவத்தை அச்சிட்டவர்களுக்குத் தரை என்று ஓர் இடம் தோன்றவில்லை. முதன்மைக் கண்காணிப்பாளர் இருதயராஜ் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்; அடுத்த வேளைத் தேர்வுக்கு வினாத்தாள் கட்டுகளைப் பிரிக்க வேண்டிய நேரம். நான் பேனாவை நான்காவது கட்டத்தின்மேல் வைத்தேன். வைத்தேனா? "மேடம், பிறன்னு போட்டா தனியா விளக்கம் எழுதணும், மூணு நகல். பொண்ணு கையிலதானே வச்சிருந்தா?" என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். அவர் கேட்டதில் அவசரம் இருந்தது, வஞ்சகம் இல்லை. நான் ஆமாம் என்றேன். அந்த ஆமாம் பார்த்ததைச் சொன்ன ஆமாமா, மூன்று நகலுக்குப் பயந்த ஆமாமா? இருபத்தாறு ஆண்டுகள் கற்பித்தவள், ஒரு காற்புள்ளி தவறினால் மாணவியின் கட்டுரையைத் திருப்பிக் கொடுப்பவள், ஒரு கட்டத்தில் கோடு போடும்போது எதைப் பார்த்துப் போட்டேன் என்று தெரியாமல் நிற்கிறேன். மூன்று நகலுக்காக ஒருத்தியின் இரண்டாண்டை எழுதிக் கொடுப்பேனா? மாட்டேன் என்று யாரும் சொல்வார்கள். யாரும் என்பதில் நானும் இருக்கிறேன் என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

அரை மணிக்கான மணி அடிக்கிறது. பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிகிறார்கள். நான் அதன்பிறகு இதை மூன்று முறை சொன்னேன். அன்று மதியம் துறையில் சொன்னபோது, "திரும்பினால் ஒரு சீட்டு" என்று மட்டும்தான் சொன்னதாக நினைவு. யாரோ, "எங்கம்மா, கையிலயா?" என்றார்கள், நான் தலையசைத்தேன். மறுநாள் முதல்வரிடம் சொன்னபோது கை வந்துவிட்டது, மேசைக்குக் கீழே தாழ்ந்த கை. ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து அக்கா பேசினாள். அவளிடம் சொன்னபோது அந்தக் கையில் நகப்பூச்சு இருந்தது, ஓரம் உதிர்ந்த ஊதா நிறம். அதை நான் இட்டுக்கட்டவில்லை. சொல்லும்போது எனக்குத் தெரிந்தது, கண்ணுக்கு முன்னால், அதைப் பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஓர் உம் கொட்ட, அந்த உம்முக்கு ஒரு விரல் என்று கை வளர்ந்துவிட்டது. வகுப்பில் இதைத்தானே இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தேன். வில்லுப்பாட்டில் முன்னால் இருப்பவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். அந்த ஆமாம் இல்லையென்றால் அடுத்த வரி பிறக்காது, கதை ஒருவர் தலைக்குள் இல்லை, இரண்டு வாய்களுக்கு நடுவில் இருந்தது, அப்போது மனிதனின் மனமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் போட்டு அம்புக்குறி இடுவேன். பெண்கள் அதை அப்படியே வரைந்துகொள்வார்கள். பூவிழி வட்டத்தைச் சுற்றிப் பூவேலை செய்வாள்.

அன்று பூவிழி எழுதிய தாளின் பெயரே கதை வடிவங்களின் வரலாறு. நானே பாடத்திட்டம் எழுதினேன், நானே நடத்தினேன். அகப்பாடல்களில் ஒருத்தி தன் துயரத்தைத் தனக்குள் நினைப்பதில்லை. தோழியிடம் சொல்கிறாள், யாரும் இல்லையென்றால் தன் நெஞ்சைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திச் சொல்கிறாள், அதுவும் ஆகாதபோது நாரையிடம், நண்டிடம். கேட்பதற்கு ஒன்று இல்லாமல் நினைப்பு என்பதே அன்று இல்லை. பிறகு அச்சு வந்தது, மனிதர்கள் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தினார்கள், ஓர் அறையில் ஒருத்தி ஒரு புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்தாள். அவளுக்குள்ளும் ஓர் அறை உண்டாகிக் கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கதைகளில் நினைத்தாள், நினைத்தாள் என்று பக்கம் பக்கமாக வந்தது. கடைசியில் நினைத்தாள் என்ற சொல்லும் உதிர்ந்து நினைப்பு மட்டும் ஓட ஆரம்பித்தது, சொல்பவர் இல்லை, கேட்பவர் இல்லை. இப்போது இந்தப் பிள்ளைகள் பதினைந்து விநாடிக் காணொளித் துண்டுகளாகத் தங்களை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், ஒரு நாளில் அழிந்துவிடும், அதன்பின், நடந்தது நினைவிருப்பதில்லை, போட்டது நினைவிருக்கிறது. கதை சொல்லும் முறை மாறும்போதெல்லாம் மனிதர் தம் மனத்தை அறியும் முறையும் மாறுகிறது. இது என் வாக்கியம். பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சொன்னது. யாரோ ஒரு மாணவி தட்டச்சு செய்து, கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் குறிப்புப் புத்தகமாகக் கிடைக்கிறது. அதைத்தான் எறும்பெழுத்தாகச் சுருக்கி நகலெடுத்து மடித்திருந்தார்கள். சீட்டை உறையிலிட்டு அரக்கு வைப்பதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் வரியே அதுதான். கையெழுத்து இல்லாததால் யாருடையது என்று அந்தச் சீட்டைக் கொண்டு சொல்ல முடியாது. அந்தப் பகுதியில் இருந்த மூன்று தமிழ்த்துறைப் பெண்களில் யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் யார் எழுதியது என்று கேட்டால் விடை இருக்கிறது. வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு ஒரு கர்வம் இருக்கும். அது உண்மையாக இருந்தால் எவ்வளவு பயங்கரம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. படிவத்தில் நான்கு கட்டம் இருந்தால் மனத்திலும் நான்கு கட்டம்தான் இருக்கும் என்று அதற்குப் பொருள். தரையில் கிடந்தது எதுவானாலும் மனம் அதை எடுத்து ஒரு கையில் கொடுத்துவிடும் என்று பொருள்.

"மேம், டைம் என்ன?" பதினொன்று ஐம்பது என்கிறேன். அந்தப் பெண் ஐயோ என்று வாயை மட்டும் அசைக்கிறாள். சாத்தூர். ஏன் இப்போது சாத்தூர் வருகிறது. எனக்கு நான்கு வயதில் சாத்தூர் ரயில் நிலையத்தில் என்னை விட்டுவிட்டு ரயில் போய்விட்டது. நடைமேடைக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் என்னைத் தூக்கி ஒரு மூட்டையின் மேல் உட்கார வைத்தார், அந்த மூட்டை மிளகாய் வற்றல், காரம் கண்ணில் ஏறியது. அடுத்த ரயிலில் அப்பா வந்தார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் நெஞ்சு அடைத்துக்கொள்வதற்குக் காரணம் கேட்ட மருத்துவரிடம்கூடச் சொன்னேன். போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி செண்பா, அது நீ இல்லட்டி, நானு. நீ அப்ப அம்மா இடுப்புல இருந்த, கைப்பிள்ள." நான் விடவில்லை, மிளகாய் மூட்டையைச் சொன்னேன், காரத்தைச் சொன்னேன். "அதெல்லாம் நான் உனக்குச் சொன்னதுதான. ராத்திரி ராத்திரி கேப்ப, சொல்லு சொல்லும்ப. எங்கதையத் தூக்கிட்டுப் போயி இம்புட்டு வருசம் வச்சிருக்க பாரு, களவாணி." எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கும் நான் சிரித்தேன். ஆனால் அக்காவுக்குக் கூட்டத்தில் நெஞ்சு அடைப்பதில்லை. எனக்குத்தான் அடைக்கிறது. நடக்காத ஒன்றுக்கு உடம்பு நாற்பத்தெட்டு ஆண்டுகளாகப் பயந்திருக்கிறது. என்றால் என்னுடையவை என்று நான் வைத்திருப்பவற்றில் எவை என்னுடையவை? இப்போது முழங்கால் வலிக்கிறதே, தரையிலிருந்து குனிந்து எடுத்த வலி என்று நினைத்தேனே, அது ஒன்பது நாட்களுக்கு முந்தையதா, அன்றாடம் உள்ளதா?

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் வரிசைகளைச் சுற்றிச் சுற்றி நடந்து தவிர்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கக் கடிதம். முறைகேட்டில் பிடிபட்ட மாணவி தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டு நிற்பார்கள், என்ன எழுதுவது என்று தெரியாது, ஆகவே ஆசிரியரே சொல்லிவிடுவோம். எங்கும் அதுதான் நடைமுறை. பூவிழி அழுதாள், ஆனால் பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகிக்கொண்டு, "என்னம்மா எழுதணும்?" என்றாள். மூன்று ஆண்டுகளாக வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. நான் சொன்னேன். நான் தேர்வெழுதும்போது துண்டுச் சீட்டை என் வலது கையில் மறைத்து வைத்திருந்தேன், தேர்வு பயத்தால் அறியாமல் இத்தவற்றைச் செய்துவிட்டேன், இதற்காக மனம் வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறேன். அறியாமல், மனம் வருந்துகிறேன். சொல்லிக்கொண்டே வந்தவள் வருந்துகிறேன் என்ற சொல்லில் ஒரு கணம் நின்றேன், அவளும் நின்றாள், பேனா முனை தாளில் ஒரு புள்ளியாக ஊறியது. அதற்குமேல் நான் தொடர்ந்தேன், அவளும் தொடர்ந்தாள். இன்னொருத்தியின் நான் என்ற சொல்லுக்குள் நுழைந்து, அவள் எதற்குப் பயந்தாள், எதற்கு வருந்துகிறாள் என்று நானே ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். கதைமாந்தரின் உள்ளத்தை எழுதுவது எவ்வளவு பொறுப்பான வேலை என்று வகுப்பில் நாற்பது நிமிடம் பேசியவள். இரண்டு மணிக்கு அந்தக் கோப்பில் மூன்று தாள்கள் இருக்கும்: சீட்டு, அறிக்கை, கடிதம். சீட்டில் இருப்பது என் பாடம். அறிக்கை என்னுடையது. கடிதத்தில் எழுத்து அவளுடையது, வாக்கியம் என்னுடையது. அந்தக் கோப்பில் பூவிழி பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. நான் அவளிடம் கேட்கவே இல்லை. உன் கையில் இருந்ததா என்ற ஒரு கேள்வி, மூன்றே சொற்கள், அதை அவளிடம் நானும் கேட்கவில்லை, இருதயராஜும் கேட்கவில்லை, முதல்வரும் கேட்கவில்லை. ஒன்பது நாட்களாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணி. தாள்களை நூலால் கட்டச் சொல்கிறேன், முப்பத்தாறு விடைத்தாள்களை எண்ணி அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சாப்பிடவில்லை, முகம் கழுவுகிறேன். கூடத்துக்கு வெளியே பெஞ்சில் ஓர் அம்மாள் டிஃபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பூவிழியின் அம்மா; சத்துணவுக்கூடத்தில் வேலை செய்கிறவர் என்று முன்பு அவள் சொல்லியிருக்கிறாள், அவளுடைய அதே நெற்றி. என்னைக் கண்டதும் எழுந்துகொள்கிறார். "டீச்சரம்மா, அவ கையிலதான் வச்சிருந்தாளாம்மா? வீட்ல கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா. நீங்க சொன்னீங்கன்னா சரியா இருக்கும்." நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிடுகிறார்கள். குழுத் தலைவர் வெளிக் கல்லூரிக்காரர், ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறார். அறிக்கையைப் படிக்கிறார். கையிலிருந்து கைப்பற்றப்பட்டது. பிறர் குரலில் கேட்கும்போது அது எவ்வளவு உண்மையாக இருக்கிறது. என்னைக் கேட்பதற்கு முன் பூவிழியின் பக்கம் திரும்புகிறார். "லெட்டர் நீ எழுதினதாம்மா?" ஆமா சார். "அதைப் படிக்க வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு." சொல், இப்போது சொல், உன்னுடையதைச் சொல். பூவிழி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். "வலது கையில மடிச்சு வச்சிருந்தேன் சார். அம்மா வர்ற சத்தம் கேட்டுச்சு. கைய டெஸ்குக்குக் கீழ கொண்டு போனேன். விரல்லாம் வேர்வை, பேப்பர் ஒட்டிக்கிச்சு. கீழ போட்டுரலாம்னு நெனச்சேன், வுழல. அம்மா கை நீட்டினாங்க, குடுத்துட்டேன்." வியர்வையை நான் சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டதை நான் சொல்லவில்லை. அது அவளுடையது. அல்லது நான் கொடுத்த கையை ஒன்பது நாட்கள் வைத்திருந்து அவள் அதற்கு வியர்வை உண்டாக்கியிருக்கிறாள், நான் நகப்பூச்சு உண்டாக்கியது போல. அவள் நகங்களைப் பார்க்கிறேன். பூச்சு இல்லை. ஒன்பது நாட்களில் அழித்திருக்கலாம்.

"சரிதானே மேடம்?" ஆமாவா இல்லையா. இன்னும் எனக்குத் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை, ஆனால் என் வாய் திறந்துவிட்டது. "சீட்டு மாணவியின் கையில் இருந்ததை நான் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஐயா. தரையில் கிடந்திருக்கலாம். படிவத்தில் தரைக்கு இடமில்லை, யோசிக்காமல் கை என்று குறித்துவிட்டேன்." தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொள்கிறார். "பொண்ணே ஒத்துக்கிட்டாளே மேடம். இப்பக்கூட எவ்வளவு விவரமாச் சொன்னா." அந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்லத்தான் அவள் எழுதினாள் என்கிறேன். இருதயராஜ் இருமுகிறார். "எல்லாப் புள்ளைங்களுக்கும் நாமதானே சார் சொல்லிக் குடுக்குறோம்." தலைவர், "எங்க காலேஜ்லயும் அப்படித்தான்" என்கிறார். ஆறாவது கலத்தைத் திருத்தி பிற என்று போட வேண்டும், மூன்று நகல் விளக்கம் தருகிறேன் என்கிறேன். "குடுங்க. ஆனா அறிக்கையை மாத்தினதுக்கு உங்ககிட்டயும் விளக்கம் கேக்க வேண்டி வரும், தெரியும்ல?" தெரியும். அப்போதுதான் பூவிழி தலையை நிமிர்த்துகிறாள். "சார், அம்மா எனக்காகப் பொய் சொல்றாங்க." அவள் முகத்தில் நன்றி இல்லை, பதற்றம் இருக்கிறது, என்னை எதிலிருந்தோ காப்பாற்றுகிற பதற்றம். "கையிலதான் சார் இருந்துச்சு. அம்மா அப்படித்தான் எழுதியிருக்காங்க." தலைவர் அவளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், வெகுநேரம். கடைசியில், ஆசிரியரே உறுதியாகச் சொல்லாதபோது தடை விதிக்க முடியாது, அந்த ஒரு தாள் மட்டும் ரத்து என்று எழுதச் சொல்கிறார். எழுத்தர் எழுதுகிறார். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். ஓர் உண்மையைச் சொல்லி அவளைக் காப்பாற்றினேனா, இன்னொரு கதையைச் சொல்லி அவள் கதையை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேனா?

வெளியே அவளுடைய அம்மா யாரிடமோ கைகூப்பிக்கொண்டிருக்கிறார். பூவிழி தூணருகே எனக்காக நிற்கிறாள். பி.எட். விண்ணப்பத்துக்கு இன்னும் நாளிருக்கிறது என்று சொல்ல நினைக்கிறேன். "அம்மா" என்கிறாள். "நெசமா எங்கதாம்மா இருந்துச்சு?" கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. பேனா மட்டும்தான் கையில் இல்லை. தெரியவில்லை பூவிழி என்கிறேன். அவள் காத்திருக்கிறாள், நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்பது போல. பிறகு, ஒன்பது நாட்கள் தாமதமாக, அவளிடம் கேட்கிறேன், "உன் கையில் இருந்ததா?" அவள் வலது கையை விரித்துப் பார்க்கிறாள். உள்ளங்கையைப் பார்க்கிறாள், திருப்பிப் புறங்கையைப் பார்க்கிறாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுகிறாள். அவள் அம்மா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.